முந்நூற்று நாற்பது

வியாழனைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது.
வெள்ளி எனக்கு மரக்கறி,
தவக்காலமென்றால் யூஜினாவுக்கும்.
சனி மச்சாள் வீட்டுச் சாப்பாடு,
அங்கே எண்ணினால் கோபிப்பாள்.

நாளொன்றுக்கு ஆயிரத்து நானூறு என்று
கிளினிக்கில் எழுதித் தந்த பிள்ளை
என்னைவிடப் பதினைந்து வயது இளமை.
புட்டு அரைக் குழல்.
சொதிக்கு முதற்பால் வேண்டாம்.
தேங்காய்ப்பூ கண்ணுக்குத் தெரிந்தால் போதும்.
பொரிச்சது? என்று கேட்டேன்.
பேனாவை மூடிவிட்டுச் சிரித்தாள்.
"மாதத்தில ஒருக்கா. ஆனா கணக்கில வையுங்கோ அக்கா."

கணக்கு வைக்க எனக்குத் தெரியும்.
முகமாலையில் ஒன்பது வருடம்
ஒரு மீற்றர் ஒரு மீற்றராய் நிலத்தை எண்ணினவள் நான்.
முழங்காலில் இருந்து
புல்லைக் கத்தரியால் நறுக்கி
மண்ணை விரலளவு விரலளவாய்ச் சுரண்டி
பின்னேரம் எத்தனை சதுரம் என்று எழுதி
கையொப்பம்.
அப்போது ஐம்பத்திரண்டு கிலோ.
இப்போது அதே நிறுவனத்தில்
மேசை, சுழல் கதிரை, எழுபத்தெட்டு.

யூஜினாவிடமும் ஒரு கொப்பி உண்டு.
இடது கால் முழங்காலுக்குக் கீழே பிளாஸ்ரிக்.
பாரம் இரண்டு கிலோ கூடினால் கிண்ணம் இறுகும்,
தோல் உரியும்,
திரும்ப அளவெடுக்க மூன்று மாதம்.
அவளுடைய கணக்கு என்னுடையதை விடக் கறார்.

கஸ்தூரியார் வீதிக் கடையில்
கண்ணாடிப் பெட்டிக்குள்
ஓரம் முறுக்கிய பற்றீஸ், கட்லட்,
பின்வரிசையில் அது.
பெரிய ரோல்ஸ்தான், உள்ளே ஆட்டிறைச்சி,
ஒரு அந்தத்தில் அரை முட்டை.
எவன் முதலில் பகிடி விட்டானோ,
ஊரே இப்போது அப்படித்தான் கேட்கிறது.

"தம்பி, ஒரு மிதிவெடி."

ஒவ்வொரு முறையும்
வலது கை ஒரு கணம் அசையாமல் நிற்கும்.
பிறகுதான் காசை நீட்டும்.

"சோஸ்?"
"வேண்டாம், அது இருபது."
பெடியன் விலைப்பட்டியலை நிமிர்ந்து பார்க்கிறான்.

இதற்காகக் காலையில் இரண்டு இடியப்பம் குறைத்தேன்.
மத்தியானம் கீரையும் மோரும்.
பஸ்ஸை விட்டு ஆரியகுளத்திலிருந்து நடை.
யூஜினா நடக்கவில்லை, ஓட்டோவில் வந்தாள்,
சோற்றையே விட்டிருந்தாள்.

கத்தி கேட்டு வாங்கிச்
சரி நடுவில் வெட்டினேன்.
மொறுமொறுவென்று தூள் கொட்டியது,
ஆவி பறந்தது.
அவள் கடித்தாள். கண்ணை மூடினாள்.
மிளகு மூக்கில் ஏற
"வெடிச்சிட்டுது" என்றாள்
வாய் நிறைய.

எனக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.
அவள் மேசைக்குக் கீழே
என் காலைத் தட்டினாள்,
எந்தக் காலால் என்று
சத்தத்திலேயே தெரிந்தது.
சிரித்தேன்.
பக்கத்து மேசை திரும்பிப் பார்க்கும் வரை.

பிளேன்ரீ, சீனி இல்லாமல்.
கொப்பிகளை விரித்தோம்.
ஆளுக்கு நூற்றெழுபது என்று எழுதப் போக
அவள் தடுத்தாள்:
"பொறு. முட்டை உன்ர பக்கம் வந்தது."
"அதுக்கு?"
"அதுக்கு நீ நூற்றித் தொண்ணூறு. நான் நூற்றைம்பது."

வாக்குவாதம் தேநீர் ஆறும் வரை நடந்தது.
கடைசியில் அவள் சொன்னதையே எழுதினேன்.
ஒன்று விழுந்தது.
அடுத்த இலக்கத்துக்கு மேல்
என் பெருவிரல் எண்ணெய்,
அங்கே பேனா வழுக்கியது.
மூன்று தரம் அழுத்திப் பார்த்தேன்.
கடைசிப் பூச்சியம் மட்டும் தெளிவாய் விழுந்தது.

நடுவில் இருப்பது
ஏழோ ஒன்பதோ,
அடுத்த மாதம் கிளினிக்கில் கேட்டால்
யூஜினாவைத்தான் கேட்க வேண்டும்.