சிவப்பு ஜன்னலில் ஆறு

பதிவேட்டு எண் 1987, சாய்கோடு, 214.
மடிப்புக் கேமரா. தோல் துருத்தி. இடது மூலையில் தேய்வு.
தந்தவர்: ஓர்ட்ரூட் கிளாப்ரோட், பிரவுன்ஷ்வைக்.
'குறிப்பு' என்ற கட்டத்தில்
முப்பத்தைந்து வருடமாக ஒன்றுமில்லை.

வீப்கே டோனிஸ் அதைத் திருப்பியது
தூசி துடைக்கத்தான்.
முதுகில் மொச்சைக்கொட்டை அளவு சிவப்புக் கண்ணாடி.
அதற்குள் ஆறு.

எண் தெரிந்தால் காகிதம் இருக்கிறது.
காகிதம் இருந்தால் அதன் மடிக்குள் ஃபிலிம் இருக்கிறது.
எட்டுப் படம் தரும் சுருள்
ஐந்தைத் தந்துவிட்டு
ஆறில் நிற்கிறது.

அதோடு விட்டிருந்தால் சாப்பிடப் போயிருப்பாள்.
லென்ஸ் பக்கம் பார்த்தாள்.
நெம்புகோல் மேலேறி இருந்தது.
யாரோ ஸ்பிரிங்கை ஏற்றி
பொத்தானில் விரல் வைத்து
அழுத்தாமல்
மடக்கி மூடியிருக்கிறார்கள்.

காப்பகத்தின் விதி எளிது:
எந்த ஸ்பிரிங்கும் முறுக்கோடு தூங்கக் கூடாது.
இறக்கி வை, ஆற விடு.
இறக்கினால் கதவு திறக்கும்.
திறந்தால் வெளிச்சம் நுழையும்.
நுழைந்தால் அது படம்.
விதி எழுதியவர்கள்
காலிப் பெட்டிகளையே கண்டிருப்பார்கள் போல.

தொலைபேசியில் கெர்னோட், தந்தவரின் தம்பி மகன்:
"அத்தையா? மகா கஞ்சம்.
ஒரே சுருளில் என் பல் விழுந்த வாயும் இருக்கும்
பல் முளைத்த வாயும் இருக்கும்.
ஏன் அழுத்தவில்லை என்றா கேட்கிறீர்கள்?
பேருந்து வந்திருக்கும்."

"மூடியை மாட்டி இறக்கிவிடு" என்றார் இயக்குநர்
கையெழுத்துப் போட்டுக்கொண்டே.
மூடி இல்லை.
எந்த மேசை இழுப்பறையிலோ, எந்தப் போரிலோ.

அந்தக் கால ஃபிலிமுக்குச் சிவப்புத் தெரியாது.
தைரியமாக அங்கே ஜன்னல் வைத்தது அதனால்தான்.
உள்ளங்கையைத் துளைத்து வருவதும் சிவப்புத்தானே
என்று எண்ணி
லென்ஸைக் கையால் பொத்தி
மற்றக் கையால் அழுத்தினாள்.

ஒன்றும் கேட்கவில்லை.
பிறகு,
அவள் கையை எடுக்கலாமா என்று நினைத்த பிறகு,
எண்ணெய் இறுகிய பற்கள் ஒவ்வொன்றாய் நகர்ந்து
உள்ளே யாரோ
நாற்காலியை விட்டு மெல்ல எழுந்தது போல
ஒரு சத்தம்.

சுருளை வெளியே எடுக்கச் சுற்றினாள்.
ஏழும் எட்டும் ஜன்னலைக் கடந்தன,
ஏற ஆளில்லாத நிறுத்தங்களாய்.

கழுவியதில் முதல் நான்கும் மூட்டம்.
ஒன்றில் மட்டும் முழங்கால் இரண்டும்
தட்டு நிறைய பிளம்ஸும், இருக்கலாம்.
ஐந்தில் ஆறு.
ஓக்கர், கோடைத் தண்ணீர், சரிந்த கரை.
கரையில் ஒழுங்காக மடித்த கால்சட்டை.
அதன் மேல் கைக்கடிகாரம்.
ஆள் இல்லை.

கெர்னோட் வெகுநேரம் பார்த்தார்.
கடிகாரம் யாருடையது என்று மட்டும் கேட்டார்.
தெரிந்துகொள்ளத்தான் அவரையே அழைத்தோம்
என்று வீப்கே சொல்லவில்லை.

ஆறாவது படம்:
இருட்டு.
ஓரத்தில் பிறை போல ஒரு கீற்று,
அவளது மோதிர விரல் சரியாக மூடாத இடத்தில்
காப்பகத்தின் குழல்விளக்கு.

'எடுத்தவர்' என்ற கட்டத்தில்
இரண்டு பெயர் எழுதி அனுப்பினாள்.
ஏற்றியவர், இறக்கியவர்.
பென்சில் குறிப்போடு தாள் திரும்பி வந்தது:
ஒரு பெயர் போதும்.

எந்தப் பெயர் என்று இல்லை.