முடிந்தவற்றின் பெட்டி

வால்திவியாவில் மழை ஓய்வதே இல்லை என்பார்கள்.
ஓய்கிறது.
ஓய்ந்த காலைகளில் எலிசேயோ
சக்கர நாற்காலியின் கைப்பிடியை நக்கிப் பார்த்து
ஏதோ குறைகிறதென்று முகம் சுளிப்பான்.

பார்வை இல்லை. செவி இல்லை.
கால்கள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு
தமக்குள் என்னவோ வழக்காடும்.
வயிற்றில் ஒரு குழாய். வயது ஒன்பது.
அமைச்சகத்துப் படிவத்தில் அவனுக்கான கட்டம்: 'மற்றவை'.
பக்கத்தில் 'விவரிக்கவும்' என்றொரு கோடு,
என் சுண்டுவிரல் நீளம்.

அவன் நாள் ஒரு மரத்தட்டில் இருக்கிறது.
பேருந்து வாரின் துண்டு: வந்துவிட்டாய்.
துவாலை: வெந்நீர்த் தொட்டி.
பீச்சுகுழல் மூடி: சாப்பாடு.
மரச்சில்லு: அடுப்பருகே போய் விறகு அடுக்கலாம்.
தட்டின் கோடியில் ஒரு தகரப் பெட்டி.
முடிந்தது எதுவோ அது அதற்குள்.
போட்டதும் அதிர்வு முழங்கைவரை ஏறும்,
சிரிப்பான்.
அவன் கற்ற முதல் வினைமுற்று அந்தத் தகரம்.

இர்மா கத்ரிலேயோவின் பெயர்
கறுப்புக் கம்பளி நூலில் கோத்த ஒரு கோட்டுப் பொத்தான்.
மணிக்கட்டில் கட்டியிருப்பாள்.
தினமும் காலையில் அவன் கைக்கு அடியில் தன் கையை வைத்து
பொத்தான்வரை கூட்டிப்போவாள்.
இழுக்கமாட்டாள்.
பதினான்கு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை
அவன் விரல் தானே கிளம்பியது.
அன்றைய பதிவேட்டில் 'தேடினான்' என்று மட்டும் இருக்கிறது.
மீதிப் பக்கம் காலி.

ஜூலையில், குளிர் உச்சத்தில்,
அறுவைச் சிகிச்சைக்காகத் தெமூகோ போனாள் இர்மா.
காப்பு ஆணியில் தொங்கியது.
நான் எடுத்துக் கட்டிக்கொண்டேன்.
நல்லெண்ணம்தான்.
இந்த வேலையில் நாங்கள் சொல்லும் பொய்யெல்லாம்
நல்லெண்ணத்தில் சொல்வதுதான்.

பொத்தானைத் தொட்டான், மலர்ந்தான்.
பிறகு விரல்கள் மேலேறின.
முழங்கை. சட்டைக் கை. திரும்பி வந்து உள்ளங்கை.
மோந்தான். வெங்காயம், என் சோப்பு.
நின்றுவிட்டான்.

முடிச்சை அவிழ்க்க அவனுக்கு ஒன்பது நிமிடம்.
அந்த விரல்களுக்கு அது வராதென்று
மூன்று அறிக்கைகளில் எழுதியிருக்கிறோம்.
நான் உதவவில்லை.
கழற்றினான். பெட்டியைத் துழாவினான். போட்டான்.
டண்.
இந்த முறை சிரிக்கவில்லை.

'இழப்பு புரிந்துவிட்டது' என்றார் உளவியலாளர்.
'கோபம், வேறென்ன,' என்றாள் அவன் அம்மா நீதியா,
மீன்சந்தையிலிருந்து செதில் ஒட்டிய கையோடு வந்து.
'நீ அவள் இல்லை' என்று எனக்குப் பட்டது.
மூன்றையும் எழுதி
மூன்றையும் அடித்தேன்.

எட்டு வருடம் இதே அறையில்.
எனக்கென்று ஒரு பொருள் வைக்க யாருக்கும் தோன்றவில்லை,
எனக்கும்தான்.
அந்த வாரக் கடைசியில்
என் கட்டைவிரலில் அடுப்பு சுட்ட பழைய தழும்பை
கண்டுபிடித்து இரண்டு முறை அழுத்தினான்.
மறுநாளும் இரண்டு.
திங்கட்கிழமையும்.
வீட்டில் பாத்திரம் கழுவும்போது
நானே ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டேன்.

செப்டம்பரில் இர்மா திரும்பினாள்.
மெலிந்து, மருந்து வாடையோடு.
வெறும் மணிக்கட்டை அவன் கைக்கு அடியில் வைத்தாள்.
பெட்டியிலிருந்து காப்பை எடுக்க நான் குனிந்தபோது
வேண்டாமென்று தலையசைத்தாள்.

வெறும் தோலை வெகுநேரம் தடவினான்.
நெற்றியை அவள் கழுத்தில் புதைத்து மூச்சிழுத்தான்.
பிறகு திடீரென்று
நாற்காலியே சாய்ந்துவிடும்படி பக்கவாட்டில் எட்டி
பெட்டிக்குள் கையை விட்டான்.
வார்த் துண்டு தெறித்தது, மூடி உருண்டது,
சில்லுகள் தரையெல்லாம்.

போட மட்டும்தான் சொல்லிக்கொடுத்திருந்தோம்.

காப்பை அவளிடம் கொடுக்கவில்லை.
கைக்குள் இறுக்கிக்கொண்டு அவள்மேல் சாய்ந்திருந்தான்.
வெந்நீர் ஆறிப்போனது.
மடியில் துவாலை அப்படியே கிடந்தது.
நான் தரையில் உட்கார்ந்து சில்லு பொறுக்கினேன்,
எந்த அறையில் எதை வைப்பதென்று
தெரியாமல்.