பற்ற வைக்காமல்

ஆம்னியின் கூரையைக் கட்டைவிரலால் அழுத்தினால்
உள்ளே போய் "டொப்" என்று திரும்பி வரும்.
"இதுல நெருப்பு வெச்சா ஓட்டைதான்" என்றார்
லிங்கராஜபுரத்து வெல்டிங் கடைக்காரர்.
சொல்லிவிட்டு நாலாயிரத்து ஐந்நூறும் கேட்டார்.
ஓட்டையையும் சேர்த்தா, அது தனியா
என்று இருதயராஜ் கேட்டதை அவர் ரசிக்கவில்லை.

வேண்டியது ஒன்றுதான் எங்களுக்கு:
பதினாலு அடி ஏணி
டெம்போவுக்கு அறுநூறு அழாமல்
ஹெப்பாள் போய்ச் சேரவேண்டும்.
அங்கே நாலு மாடி, வெளிப்பூச்சு,
மழைக்கு முன் முடித்தாக வேண்டும்.

எஸ்.பி. ரோட்டில் எடை போட்டு வாங்கினோம்
பழைய ஸ்லாட்டட் ஆங்கிள், உடம்பெல்லாம் துளை.
எந்த மருந்துக்கடையில் அலமாரியாய் நின்றதோ,
ஒரு துண்டில் பாதி கிழிந்த லேபிள்,
"இரவில் மட்டும்" என்று.
போல்ட்டையும் கிலோவில் தந்தார்கள்.
நைலான் வைத்த நட்டை மட்டும் எண்ணித் தந்தார்கள்.
முப்பத்தாறு.

வாசலில் பரப்பியதும்
மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார் வீட்டுக்காரர் மல்லப்பா.
"ஏன்ரீ, மஞ்சானா?"
ஆமாம், கட்டில்தான் என்றேன்.
ஏணி படுக்க.

ஆம்னிக்குக் கூரை ஓரத்தில்
மழைத்தண்ணி ஓட ஒரு சின்ன வாய்க்கால் உண்டு.
அதன் உதட்டைக் கவ்வும்படி இரும்புப் பட்டையை
வாசல் கல்லில் வைத்து அடித்து வளைத்தோம்.
இடையில் சைக்கிள் ட்யூப், நாலு துண்டு.
வண்டிக்கு வலிக்கக் கூடாதாம். அவர் சொன்னது.

அளந்தது நான், தையல் டேப்பால்.
அறுத்தது அவர்.
குறுக்குக் கம்பி இரண்டு விரல்கடை குறைந்தது.
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
பிறகு மிச்சத் துண்டை எடுத்து
மேலுக்கு மேல் வைத்து, துளைக்குத் துளை பார்த்து,
நாலு போல்ட் போட்டார்.
இப்போது அந்த இடத்தில்தான் நான் கால் வைத்து ஏறுகிறேன்.

பற்ற வைப்பது என்றால்
அடுப்பும் அதுதான், இரும்பும் அதுதான்.
முதல் தடவை எனக்கு நெருப்பைச் சுற்றித்தான் நடந்தது.
அதைப் பற்றி இங்கே எதுவும் இல்லை.
வண்டி மூன்றாம் கை.
நாங்கள் இருவரும் இரண்டாம் கை.
ரிஜிஸ்டர் ஆபீசில் மின்விசிறிகூட ஓடவில்லை,
கையெழுத்து போட்டோம், சாட்சிகளுக்கு டீ வாங்கித் தந்தோம்.

ஏணியைக் கட்டி, வாலில் சிவப்புத் துணி கட்டி
முதல் நாள் கிளம்பினோம்.
முப்பதில் சத்தமே இல்லை.
மேம்பாலம் ஏறி ஐம்பதைத் தொட்டதும்
ஊளை.
ஒவ்வொரு துளையும் ஒரு வாய்.
பக்கத்து பஸ்ஸில் தூங்கியவர்கள் விழித்தார்கள்.
"ஆர்கன் வாசிக்கிறாங்க, எழுந்து நில்லு பூங்காவனம்"
என்றார் இருதயராஜ், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

பாலம் இறங்கி ஓரம் கட்டினோம்.
துணி காயப்போடும் நைலான் கயிறு
பெயின்ட் வாளிக்குள் கிடந்தது.
முன்கம்பியில் அதைச் சுற்றினேன்,
நெருக்கமாய் இல்லை, பாம்பு மரம் ஏறுகிற மாதிரி.
யாரோ எப்போதோ சொன்னது; நம்பிச் செய்யவில்லை.
அடுத்த ஐம்பதில்
எங்கள் இருவர் மூச்சும், டீசன்ட்டாக, இன்ஜினும்.

எஃப்.சி.க்குப் போகும்போது
இதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போவோம்.
ஒரு மணி நேர வேலை.
மாட்ட ஒன்றரை.

ஞாயிறு பூசை முடிந்து வந்து
பதிமூணாம் நம்பர் ஸ்பானரை எடுப்பார்.
நான் பார்த்துச் சொல்வேன்.
நட்டிலிருந்து போல்ட் வரைக்கும்
என் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு இழுத்திருக்கிறேன்,
முப்பத்தாறிலும்.
கோடு உடைந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது.

இந்த வாரம் முப்பத்தைந்து நேர்.
பின்பக்கம் இடது, ஒன்று மட்டும்
ஒரு மயிரிழை தள்ளி.
"கால் சுத்து" என்றார்.
"அரைக்கால் போதும்" என்றேன்.
முறுக்கியபின் பழைய கோட்டைச் சுரண்டினார்.
புதிதாய் இழுக்க பாட்டிலைத் திறந்தேன்,
அடியில் ஒட்டியதை வழித்தும் பாதிக் கோடுதான் வந்தது.
அதே சிவப்பு கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் கிடைக்கும்.