நூற்றிநாலு வீதம்

பின்னேரம் ஐந்துக்கு நிலாவெளி பஸ்ஸால் இறங்கி
பாதி உயர்ந்த ஷட்டருக்குள் குனிந்து நுழைகிறேன்.
ஒன்பது மணிவரை நான் கம்பஸ் மாணவன் இல்லை,
போட்டோகொப்பிப் பெடியன்.
சனிக்கிழமை அந்தோனிதாசன் முதலாளி தருவதில்
அறை வாடகை போக மிச்சம்
ஒரு கொத்துரொட்டி, ஒரு டேட்டா காட்.

என் பட்ச் முழுவதும் இங்கேதான் வரும்.
வெளிச்சம் இடமிருந்து வலம் ஓட
அவர்களின் குறிப்புகள் என் கையில் சூடாய் விழும்.
எல்லாரும் கெட்டிக்காரர்.
நான் மூடியை அழுத்துகிறவன்.
புள்ளிவிபரவியல் எனக்கு ரிப்பீட்.
வகுப்பில் கடைசி வாங்கு;
விடை தெரிந்தாலும் நாக்கு
இருக்காது என்று எனக்கே சொல்லும்.

நேற்று மழை.
இரண்டு மான்கள் கடைத் தாவாரத்தில் ஒதுங்கி
நான் கசக்கி எறிந்த பிழைத்தாள்களை மென்றுகொண்டு நின்றன.
எட்டே முக்காலுக்கு சஹ்லா வந்தாள், பட்ச்சில் முதலாமவள்.
கிண்ணியாவுக்குக் கடைசி பஸ் போய்விடுமாம்.
ஆய்வறிக்கை, மூன்று பிரதி, ஸ்பைரல் போதும்.

நாற்பத்திரண்டாம் பக்கம் மெஷினில் சிக்கியது.
இழுத்தெடுத்துச் சுருக்கம் நீவும்போது
கண் அட்டவணையில் விழுந்தது:
முப்பத்தொன்று, நாற்பத்தாறு, இருபத்தேழு.
நான் கூட்டவில்லை. கை கூட்டியது,
நாள்தோறும் பக்கம் எண்ணிக் காசு சொல்லும் கை.
நூற்றிநாலு வீதம்.
கீழிருந்து மேலே கூட்டினேன். நூற்றிநாலு.

முதல் நினைப்பு, பிழை என்னுடையது.
இரண்டாவதும் அதுதான்.
பிறகு ஞாபகம் வந்தது:
கணக்குப் பிசகினால் முதலாளி கூலியில் பிடிப்பார்.
ஒரு வருஷமாக
ஒரு சதம் பிடிக்கவில்லை.

"இந்தக் கூட்டுத்தொகை..." என்றேன்,
மெஷினைப் பார்த்தபடி.
அவள் விரல் மூன்று இலக்கத்திலும் தடக்கித் தடக்கி இறங்கியது.
"அல்லாஹ். இருபத்திமூன்று. இருபத்தேழு இல்ல."
பிறகு நிமிர்ந்து, முதன்முறையாக,
"நீங்க எங்கட பட்ச்தானே?
பின்னுக்கு இருக்கிறது?"

பஸ் போய்விட்டது.
அவள் தம்பி மோட்டார் சைக்கிளில் வருமட்டும்
பென் டிரைவில் திருத்தி அச்சடித்தோம்.
அந்தத் தாளுக்குக் காசு வாங்கவில்லை,
என் கணக்கில் எழுதிவைத்தேன்.

ஷட்டர் இழுக்குமுன்
ரிப்பீட் விண்ணப்பத்தைக் கண்ணாடியில் கவிழ்த்தேன்.
சிவலோகன் கீர்த்திகன், சரிந்து, பாதி வெட்டுப்பட்டு வந்தான்.
நேராக வைத்து இன்னொன்று எடுத்தேன்.
பழுதானதை மானுக்கு நீட்டினேன்.
மணந்து பார்த்தது.
வேண்டாமென்று
மழைக்குள் நடந்துபோயிற்று.