ஒன்பது மில்லிமீட்டர்

மோட்டார் சுற்றுகிறது.
காதருகே வைத்தால் கேட்கிறது,
ஜாடிக்குள் அகப்பட்ட குளவிபோல.
சக்கரங்கள்தான் அசையவில்லை.

எரிந்துபோயிருக்கும், புதுசு வாங்கணும்,
என்று சொல்லியனுப்பியிருக்கிறான் வ்ராதிஸ்லவ்,
மகள் கையில், காலுறைப் பெட்டிக்குள் வைத்து.
எரிந்தது இப்படிப் பாடாது.

பில்சனில் பனி. இரவு பதினொன்று.
கடைசி டிராம் பாலத்தில் திரும்பும்போது
மேசையில் திருகுகள் நடுங்குகின்றன.
பகலெல்லாம் இதே மேசையில் பல் செய்கிறேன்.
நாளைக் காலைக்கான கடைவாய்ப்பல் ஒன்று
ஈறில்லாமல், வாயில்லாமல்
விளக்கடியில் காத்திருக்கிறது.

சிவப்பு உறையைக் கழற்றினேன்.
நடுவில் மோட்டார், இருபுறமும் தண்டு,
தண்டின் நுனியில் கப்ளிங்:
கடுகைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் கிண்ணம்,
நெடுக விரிசல்.
அதற்குள் மோட்டார் தன்பாட்டுக்குச் சுற்றுகிறது.
சொன்னது போய்ச் சேரவில்லை.

விரிசலைச் சுற்றி மஞ்சளாகப் பசை.
வழிந்து, தண்டில் ஏறி,
பல்சக்கரத்தில் ஒரு பல்லையும் விழுங்கிய பசை.
யார் கை என்று கேட்க வேண்டியதில்லை.
குளியலறைக் கண்ணாடியில், யொலானாவின் செருப்பில்,
என் அம்மா தந்த கோப்பையின் காதில்
இதே வழிசல்.
அழுத்திப் பிடி, அசையாதே, என்பான்.
பதினொரு வருடம் பிடித்திருந்தேன்.

பல் சுரண்டும் கொக்கியால் சுரண்டினேன்.
பிறகு மீன்தொட்டிக் கடையின் சிலிக்கான் குழாய்.
பத்து மில்லிமீட்டர் வெட்டினேன், முரண்டியது.
எட்டு, கழன்று எங்கோ தெறித்தது,
இன்னும் கிடைக்கவில்லை.
ஒன்பது.

இரண்டு தண்டுகளும் ஒரே கோட்டில் இல்லை.
இருக்கவும் வேண்டாம்.
நடுவில் நகக்கீறல் அளவு இடைவெளி விட்டு
இரண்டு முனையையும் கவ்வினால் போதும்;
வளைவு வந்தால் குழாய் பார்த்துக்கொள்ளும்.
பசை ஒரு துளிகூட வேண்டாம்.

ஓடியது, பின்பக்கமாக.
ஒயரை மாற்றிக் கோத்துவிட்டேன் போலிருக்கிறது.
கெட்ட வார்த்தை ஒன்று சொல்லி, மாற்றினேன்.
இப்போது முன்னால் ஓடி
கடைவாய்ப்பல்லில் இடித்து நின்றது.
பல்லுக்கு ஒன்றுமில்லை.

ஞாயிறன்று பள்ளி மண்டபத்தில் கண்காட்சி.
யொலானா வந்து எடுத்துப் போவாள்.
காலுறைப் பெட்டிக்குள் ரசீது வைத்திருக்கிறேன்:
சிலிக்கான் குழாய், ஒன்பது மில்லிமீட்டர், இலவசம்.
பொருத்தியது, இலவசம்.
பழைய பசையைச் சுரண்டியது,
இரண்டு மணி நேரம்,
இரவுக் கட்டணம்.