நாலரை நொடி

மூன்று மணிக்கு மெஹர் சென்னையிலிருந்து
ஐம்பத்தொரு நிமிடத்தை அனுப்பிவைக்கிறாள்.
ஆறு மணிக்குள் அது இருபத்திரண்டாக வேண்டும்.
கோத்தகிரியில், தகரக் கூரைக்குக் கீழே,
காதுகளை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.
கால்களுக்குக் கம்பளி,
விரல்களுக்கு ஒரு தம்ளர் வரக்காப்பி.

'இன்று ஆழமாக' என்பது நிகழ்ச்சியின் பெயர்.
ஆழத்துக்காக நான் செய்வதெல்லாம்
மேலே மிதப்பதை அள்ளிப்போடுவதுதான்:
உதடு பிரியும் சத்தம்,
நாற்காலியின் முனகல்,
"வந்து… வந்து…" என்று
ஒரு பேராசிரியர் பதினேழு முறை வந்தது,
நிதிநிலை அறிக்கைக்கு நடுவே
யார் வீட்டுக் குக்கரோ விட்ட விசில்.
மூச்சையும் குறைப்பேன்.
நம்பமாட்டீர்கள், எவ்வளவு மூச்சு வாங்குகிறார்கள்
புள்ளிவிவரத்துக்கு முன்னால்.

அரை நொடிக்கு மேல் மௌனமா, வெட்டு.
சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள்.
கேட்பவர் பஸ்ஸில் இருப்பார், பல் தேய்த்துக்கொண்டிருப்பார்,
சத்தம் நின்றால் வேறெங்காவது போய்விடுவார்.
தொகுதி மறுவரையறையையே
வெட்டி ஒட்டியிருக்கிறேன் நான்.
ஒரு கூட்டணி உடைந்த இரவை
உடைந்த இடம் தெரியாமல் சேர்த்திருக்கிறேன்.

இன்றைக்கு எங்கள் ஊர்.
லயன் வீடுகளைக் காலிசெய்யச் சொல்லும் உத்தரவு.
மன்னார்க் கப்பலில் வந்திறங்கியவர்களின் பிள்ளைகள்,
கடைசிச் சம்பளத்தோடு
கதவுச் சாவியையும் கொடுத்துவிட வேண்டியவர்கள்.
அதிகாரி தெளிவாகப் பேசுகிறார். நல்ல குரல்.
மைக்குக்கும் வாய்க்கும் சரியான தூரம்.
சட்டப்பிரிவு, சுற்றறிக்கை, தோட்டத்தின் நஷ்டக் கணக்கு,
எதிலும் எனக்கு வேலை வைக்கவில்லை.
மெஹர் கேட்கிறாள்:
"சரி சார். அவங்க எங்க போவாங்க?"

முப்பத்து மூன்றாவது நிமிடம்.
திரையில் பச்சை அலை
கவாத்து வெட்டிய சரிவு போலப் படுத்துவிடுகிறது.
நாலரை நொடி.
பிறகு எழுகிறது:
"பரிசீலனையில இருக்குங்க."

சத்தத்தைக் கூட்டி மறுபடியும் கேட்டேன்.
காலியாக இல்லை அது.
ஒரு மின்விசிறி.
பேனா மூடி திறந்து மூடியது.
எச்சில் விழுங்கியது, மிக மெல்ல.
அவ்வளவு நேரமும் அந்த மனிதர்
நிஜமாகவே இடம் தேடிக்கொண்டிருந்தார் என்று பட்டது.

மவுஸில் கை வைத்தேன். எடுத்தேன்.
இங்கே எடை போடுமிடத்தில், மழை நாட்களில்,
கொழுந்துக்கு ஈரக்கழிவு என்று
மூட்டைக்கு இரண்டு கிலோ கழிப்பார்கள்.
ஈரம் எவ்வளவென்று யாரும் பிழிந்து பார்த்ததில்லை.
நானும் நான்கு வருடமாகக்
கழித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

விட்டுவிட்டேன்.
"முப்பத்து மூணுல கை வைக்கல" என்று எழுதினேன்.
மெஹர் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுத் தூங்கிப்போனாள்.

ஆறு மணிச் சங்கு.
கீழ் லயனிலிருந்து சிவபாக்கியம் ஏறி வருவாள்.
தினமும் கேட்கிறவள்; ஒரு காதில் மட்டும்.
மற்றக் காது காட்டுமாட்டுக்கு.
"நேத்து அந்தக் கட்சிக்காரரை
மூச்சு விட விடலையே உங்க மெஹரு" என்பாள்.
மூச்சை எடுத்தது நான் என்று சொன்னதில்லை.

கணக்குப் போட்டு வேலியோரம் நின்றேன்,
வாயில் பிரஷ்ஷோடு.
பனிக்குள்ளிருந்து முதலில் படங்குச் சாக்கு வந்தது,
பிறகு அவள்.
வளைவில் நின்றாள்.
இடுப்பிலிருந்து போனை எடுத்துப் பார்த்தாள்.
உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டினாள்.
மேட்டில் தெரியும் கோபுரத்தைப் பார்த்து
கையை உயர்த்தி அதைத் தூக்கிப் பிடித்தாள்.

"இந்த வளைவுல எப்பவும் இப்படித்தான்" என்றாள் என்னிடம்.
அதற்குள் அவள் முகம் காதுப் பக்கம் சாய்ந்தது.
"ஆ, வந்திருச்சு."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு
ஏறிப் போனாள்.