முன்னங்காலுக்குப் பின்னால் நான்கு விரல்

ஜெரால்டு செல்போனில் துப்பாக்கியைக் காட்டினான்.
அவனுக்கு டெக்சாஸில் இரவு, எனக்கு அடுப்பில் இட்லி.
"இவ்வளவு சின்ன குண்டா?" என்றேன்.
பென்சிலைவிட ஒல்லி.
"அக்கா, ஒரு இழுப்புக்கு ஒன்றுதான்.
அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும்.
சுடுவது நான், அது இல்லை."
கடைசி வரியை மட்டும்
யாரோ எதிரில் உட்கார்ந்து மறுப்பதுபோல் சொன்னான்.

எல்லாம் சட்டப்படி.
உரிமத்தில் மானுக்கென்று ஒரு சீட்டு,
விழுந்ததும் கிழித்து அதன் காலில் கட்ட வேண்டும்.
பருவத்துக்குத் தேதி உண்டு.
மாலை வெளிச்சத்துக்குக்கூடக் கணக்கு உண்டு.
சில மாநிலங்களில் இந்தக் குண்டு போதாது என்பார்களாம்.
"போதாதது குண்டு இல்லை, பொறுமை."
நூறு கஜத்துக்குள் வர வேண்டும்.
பக்கவாட்டில் நிற்க வேண்டும்.
முன்னங்காலுக்குப் பின்னால் நான்கு விரல்.
கொஞ்சம் தள்ளிக் குடலில் பட்டால்
ராத்திரி முழுக்க டார்ச்சோடு தேட வேண்டும்,
தேடாமல் வந்தால் மனுஷன் இல்லை.
அப்படி நிற்கவே இல்லையென்றால்?
"வீட்டுக்கு வந்து ரொட்டி தின்பேன்."

பெரம்பூரில் கிறிஸ்துமஸ் கோழிக்குக் கத்தி தீட்டும்போது
மொட்டைமாடிக்கு ஓடிப்போனவன் இவன்.

எங்கள் குடியிருப்புக்கும் காட்டுக்கும் நடுவில்
ஒரு சுவர், அதில் ஒரு ஓட்டை.
புள்ளிமான்கள் வந்து
கொடியில் காயும் தலையணை உறையைச் சப்பும்,
பிரியாணிப் பொட்டலத்தின் காகிதத்தைத் தின்னும்.
நூறு கஜம் எதற்கு?
சமையலறை ஜன்னலிலிருந்து ஆறு கஜம்.
ஜெரால்டு சொன்ன நாளிலிருந்து என் கண்
நேராக அந்த நான்கு விரலுக்குப் போகிறது.
பால் பொங்கி வழிந்த பிறகுதான் திரும்புகிறது.

வெள்ளிக்கிழமை ராத்திரி நாய்கள்.
வேளச்சேரிப் பக்கத்துக் கேட், நான்கைந்து இருக்கும்.
வாட்ச்மேன் பக்கிரிசாமி தடியோடு போய்ச் சேர்வதற்குள்
முதுகு போய்விட்டது.
பின்பாதி எழவில்லை.
முன்பாதி மட்டும் ஓடப் பார்த்தது.
கொம்பில் இன்னும் தோல் உரியவில்லை.

வனத்துறைக்கு அழைத்தோம்.
பிடிக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், தள்ளி நில்லுங்கள்.
தள்ளி நின்றோம்.
ஏதாவது செய்ய வேண்டுமே என்று
ஜெரால்டைக் கூப்பிட்டேன், திரையைத் திருப்பிக் காட்டினேன்.
அவன் ரொம்ப நேரம் பேசவில்லை.
"அங்கே யாரிடமும் ஒன்றுமே இல்லையா?" என்றான்.
இல்லை.
இருந்தாலும் ஏழு வருஷம் ஜெயில், ஜெரால்டு.

ஒன்றரை மணிக்கு டாக்டர் சபூரா வந்தார்.
அவர் கையிலும் துப்பாக்கிதான்,
காற்றில் இயங்குவது,
ஊசியின் வாலில் இளஞ்சிவப்புப் பஞ்சு.
"ஐம்பது கிலோ இருக்குமா?" என்று கேட்டார்.
எனக்கு எப்படித் தெரியும்?
"இருக்கும்" என்றது போன்.
மருந்தை அளந்தார், முழங்கால் ஊன்றினார்.
பக்கிரிசாமி வெளிச்சம் பிடித்தார்.
மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி,
தொடையில்.
பட்டாசுகூட இல்லை, யாரோ துப்பியதுபோல் ஒரு சத்தம்.
எதிர்முனையிலும் ஒரு மூச்சு
அதே பாதியில் நின்றிருந்தது.

கண்ணைக் கட்டத் துணி கேட்டார்.
துப்பட்டாவை உருவிக் கொடுத்தேன்.
கருணைக்கொலைக்கு மேலிடத்து உத்தரவு வேண்டுமாம்.
உத்தரவு கேட்டு அழைத்தார், அடித்துக்கொண்டே இருந்தது.
மான் காத்திருக்கவில்லை.

பிறகு படிவம்.
இடம், நேரம், பால், வயது உத்தேசம்.
கொம்பின் நீளம் டேப்பில்.
இறைச்சி எவர் கைக்கும் போகாமல் எரிக்கப்படும் என்று ஒரு வரி.
சாட்சி என்ற இடத்தில் என் கையெழுத்து,
எனக்குக் கீழே பக்கிரிசாமியின் கையெழுத்து, தமிழில், நிறுத்தி நிதானமாக.

காலையில் ஜெரால்டு ஒரு படம் அனுப்பினான்.
அவன் ஃப்ரீசர். வெள்ளைக் காகிதப் பொட்டலங்கள்,
ஒவ்வொன்றிலும் தேதி.
படத்தோடு ஒரு வார்த்தையும் எழுதவில்லை.
எதற்கு அனுப்பினான் என்று நானும் கேட்கவில்லை.
என் படிவத்தின் நகலைப் படம் எடுத்து அனுப்பினேன்.
அதில் கடைசி வரிசை:
துணி, நீலம், ஒன்று,
திருப்பித் தரப்படவில்லை.